எடுத்த இடத்தில் வைக்காத கல்

சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். எனக்குக் காலில். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் பையை உதைப்பேன். பஸ் நிற்காமல் போனால் நடைபாதையில் கிடக்கிற எதையாவது உதைப்பேன். வேலைக்குப் போய் நாலு பேரை மேய்க்கிற நிலைக்கு வந்த பிறகும், பெங்களூர் ஒயிட்ஃபீல்ட் ஆபீஸில் என் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடை நசுங்கித்தான் இருந்தது. "போன ஜென்மத்துல கழுதையா பொறந்திருப்படி நீ" என்று அம்மா சிரிப்பாள். அப்பா சிரிக்கமாட்டார். நான் உதைத்ததை எடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஓடாமல் நின்றுபோன மெஷினைப் பிரித்துச் சரிசெய்து ஓட்டிவிடுகிற வேலை. பிரிக்கும்போது தரையில் பழைய பேப்பரை விரித்து, கழற்றின பாகங்களைக் கழற்றின வரிசையிலேயே வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொள்வார். வீட்டு மிக்ஸியைப் பிரித்தாலும் அப்படித்தான். எடுத்த இடம் ஞாபகம் இருந்தால்தான் திருப்பி வைக்க முடியும் என்பது அவருடைய கட்சி.

சிவாஜிநகரைச் சுற்றிச் சுற்றியே ஒன்பது வீடுகளில் குடியிருந்தோம். ஒன்பதும் வாடகை. காலி பண்ணுகிற ஒவ்வொரு முறையும் அப்பா ஒரு நாள் லீவு போட்டு, நாங்கள் அடித்த ஆணிகளை எல்லாம் பிடுங்கி, ஓட்டைகளை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைப்பார். நான் கதவில் ஒட்டின ஸ்டிக்கர்களைத் தேங்காய் எண்ணெய் தடவி நகத்தாலேயே சுரண்டி எடுப்பார். சாவி வாங்க வந்த ஓனரம்மா ஒருத்தி, "நீங்க இங்க இருந்த மாதிரியே தெரியலியே" என்றாள். அப்பாவுக்கு அது மெடல் வாங்கின மாதிரி. எனக்கு அழுகை வந்தது. ஆறு வருஷம் இருந்த வீடு அது. அந்தச் சுவரில்தான் என் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தோம். அந்தக் கோடுகளையும் அவர் அழித்திருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை சொந்த வீடு. ஒரே பொழுதுபோக்கு மலை. லீவு நாள் வந்தால் ஸ்கூட்டரில் எங்களை ஏற்றிக்கொண்டு நந்தி மலை, சாவன்துர்கா என்று கிளம்பிவிடுவார். அந்த மலைகளில் எல்லாம் பாழாய்ப்போன கோட்டைச் சுவர் ஒன்று இருக்கும், ஒரு கோயில் இருக்கும். வழியோரத்தில் குட்டிக் குட்டியாகக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். கீழே கிடக்கிற மூன்று கல்லையோ ஐந்து கல்லையோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்று ஒரு நம்பிக்கை. அப்பா எப்போதும் மூன்றுதான் அடுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். "இத்தினி வருஷமா நீங்க அடுக்கின கல்லையெல்லாம் ஒரே எடத்துல போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி எழும்பியிருக்கும்" என்பாள் அம்மா. அதற்கு மட்டும் அப்பா சிரிப்பார்.

எங்கள் கம்பெனி என்னை ஸ்காட்லாந்தில் அபர்தீன் ஊருக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் என்று போனது நாலு வருஷமாக நீண்டது. அப்பா ரிடையர் ஆன கோடையில் இருவரையும் ஒரு மாதத்துக்கு வரவழைத்தேன். வந்த மூன்றாம் நாளே எங்கிருந்தோ ஒரு டூரிஸ்ட் காகிதத்தை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தார். ஊருக்கு வெளியே ஒரு மலை, மலை உச்சியில் ஒரு கோட்டை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தையது. "பாப்பா, இங்கயும் ஒரு சாவன்துர்கா இருக்கும்மா" என்றார்.

மலைக்குப் போன அன்று காலையில் எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு நடந்தது. பேச்சு என்ன, அவர் கேட்டார், நான் எரிந்து விழுந்தேன். ஒயிட்ஃபீல்ட் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஒரு அபார்ட்மெண்டை, இங்கே கிளம்புவதற்கு முன்பே தனியாக மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரால் வாங்க முடியாது, என்னால் முடியும். அது இரண்டு பேருக்கும் தெரியும். "சும்மா பார்த்து வைக்கலாமாம்மா?" என்று, கடைக்காரனிடம் விலை கேட்கத் தயங்குகிறவர் மாதிரி கேட்டார். "இப்ப என்னப்பா அவசரம்? நான் திரும்பி வருவேனான்னே தெரியல. பூட்டி வைக்கவா வீடு வாங்குறது?" என்றேன். "சரிம்மா" என்றார். அவர்கள் இருக்கப் போகிற வீட்டைப் பூட்டி வைக்கிற வீடு என்று சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபிளாஸ்கோடு கீழேயே, கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் ஏறினோம். பாதையின் இரண்டு பக்கமும் ஹெதர் என்கிற புதர், முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூவாய்ப் பூத்திருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. அப்பா என் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கை நீளம் போதாமல், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

உச்சியில் கோட்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாறையைச் சுற்றி ஒரு பெரிய வளையமாகச் சரிந்து கிடந்த கற்கள். ஒரு இடத்தில் மட்டும் வாசல் இருந்த அடையாளம். நடுவில் புல். எனக்கு ஏமாற்றம். அப்பாவுக்கு இல்லை. சரிந்த கல் குவியலின் அடியில் கலையாமல் இருந்த இரண்டு வரிசையைக் குனிந்து பார்த்து, "சுண்ணாம்பு இல்லாம கட்டியிருக்கான் பாரு. கல்லுக்குக் கல்லு கடிச்சுப் பிடிக்கிற மாதிரி வச்சிருக்கான்" என்றார். "யாரும்மா இவங்க?"

"பிக்ட்னு ஒரு ஜனங்கப்பா. அதுகூட அவங்க வச்சுக்கிட்ட பேர் இல்ல. ரோமாக்காரங்க கூப்பிட்ட பேராம்."

"அப்ப அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்களாம்?"

"சரியாத் தெரியாதாம்."

"நம்ம கதைதான். பெங்களூர்ல நம்மள தமிழ்நாட்டுக்காரங்கன்றான். தமிழ்நாட்டுக்குப் போனா பெங்களூர்க்காரங்கன்றான்" என்று சொல்லிவிட்டு, "ஆனா இவங்களுக்கு வீடு இருந்திருக்கு" என்றார்.

காலையில் நடந்ததை அவர் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் குத்திக்காட்டுகிற ஜாதியே இல்லை. கோபக்காரிகளுக்கு எல்லாமே தங்களைச் சொல்கிற மாதிரிதான் கேட்கும். நான் அவரை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் வாசல் பக்கத்தில் மூன்று கல்லை அடுக்கிவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். என் ஜாக்கெட்டில், கண்ணை மூடிக்கொண்டு. நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். இங்கே கல்லை எடுக்கவோ அடுக்கவோ கூடாது, ஒவ்வொரு கல்லும் கிடக்கிற இடத்தை வைத்துத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நாலு வருஷமாக அந்த ஊரில் யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை.

"ஸாரி, அவருக்கு இதெல்லாம் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன். சொல்லிக்கொண்டே வேகமாக நடந்து போய் அந்த மூன்று கல்லையும் காலால் உதைத்தேன்.

ஷூ போட்ட கால். அப்பா கண்ணைத் திறந்தார்.

அடிக் கல் அங்கேயே புரண்டது. நடுக் கல் இரண்டடி தள்ளி விழுந்தது. மேலே இருந்த சின்னக் கல் வளையத்தைத் தாண்டி, சரிவில் உருண்டு, ஹெதர் புதருக்குள் போய்விட்டது. அப்பா குனிந்து, என் கால் பட்ட இரண்டு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண்மணியைப் பார்த்து, "ஸாரி மேடம். ஐ வில் புட் பேக்" என்றார். முப்பது வருஷம் இங்கிலீஷ் டிராயிங்கைப் பார்த்து வேலை செய்தவர். நான் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது.

பிறகுதான் நான் அதைக் கவனித்தேன். கல் எடுத்த இடங்களில் அவர் புல்லைக் கிள்ளிச் செருகி வைத்திருந்தார். முதல் குழியில் ஒரு புல். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. சாக்பீஸ் இல்லாத குறைக்கு.

"அடுக்கி, ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டு, எடுத்த எடத்துலயே வச்சிடலாம்னுதாம்மா இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி விளக்கமாகச் சொன்னார்.

இரண்டு கல்லையும் அதனதன் குழியில், பாசி பிடித்த பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தார். மூன்றாவதைத் தேடிச் சரிவில் இறங்கினார். உள்ளங்கை அகலம், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும் என்று எனக்கு அடையாளம் சொன்னார். நானும் தேடினேன். தேடினேன் என்ன, தேடுகிற மாதிரி நின்றேன். அந்தப் பெண்மணிகூட நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தேடினாள். அரைமணி நேரம் ஆயிற்று. புதரை விலக்கி விலக்கி அவர் கையெல்லாம் கீறல். "விடுப்பா, ஒரு கல்லுதானே, மலை முழுக்கக் கல்லு" என்றேன். அவர் நிமிர்ந்து அந்தக் குழியை ஒருதரம் பார்த்தார். அப்புறம் என்னோடு இறங்கி வந்தார். கீழே அம்மா ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். மேலே நடந்ததை அப்பா அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த மார்ச்சில் அவர் போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போனவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இரண்டு ஃபிளைட் மாறி வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து வந்த டாக்ஸி எங்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே போக வழியில்லை. தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள், ஒரு பக்கக் கயிற்றைக் கரண்ட் கம்பத்தில் கட்டி. அதற்குக் கீழே ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டியில் அப்பா.

அப்பா தெருவில் இருந்தார்.

வீட்டு ஓனருக்கு மகள் கல்யாணம், எட்டே நாளில். வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. "பாடி மனேகே தரபேடிம்மா, கைமுகிதீனி" என்று கன்னடத்தில், பாடியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், கைகூப்பிக் கேட்கிறேன் என்று, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அந்த மனுஷரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் ஷாமியானாவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருந்தார். ஓரமாக மிச்சமிருந்த சந்தில் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கறிக்கடைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தயங்கித் தயங்கிப் போனார்கள். இத்தனை வீட்டுச் சுவரையும் அடைத்துக் கொடுத்துவிட்டு வந்த மனிதருக்குக் கடைசியில் சாய ஒரு சுவர் இல்லை. அதற்குக் காரணம் நான். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

"உங்க தாத்தாவையும் இப்பிடித்தான் ரோட்டுல போட்டாங்க" என்றாள் அம்மா, காரியம் எல்லாம் முடிந்த பிறகு. "அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் அந்தக் கல்லு அடுக்குற பைத்தியம். உங்கிட்ட சொன்னதில்லியா?"

இல்லை. என்னிடம் சொன்னதே இல்லை.

பிறகு அம்மா இன்னொன்றும் சொன்னாள். ஸ்காட்லாந்திலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்கு வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லையாம். அந்தக் கல்லைப் பற்றித்தான் பேச்சாம். சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறவர் கையை நிறுத்திவிட்டு, "யார் வீட்டுச் சுவரோ. எடுத்தேன், எடுத்த எடத்துல வைக்கல" என்பாராம். "அடுத்தவன் வீட்டுல ஒரு கல்லைக் குறைச்சுட்டு நமக்கு வீடு வேணும்னு கேட்டா எப்பிடி அமையும்?" என்பாராம்.

"எப்பிடிம்மா விழுந்துச்சுன்னு சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவர் கால் பட்டு உருண்டுடுச்சாமே. பார்த்து நிக்கக் கூடாதா? அந்த மனுஷனுக்கு எப்பவும் அவசரம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு எப்பவும் அவசரமாம். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். "அவர் கால் இல்லம்மா, என் கால்" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை.

வேலையை மாற்றிக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிட முடிவு செய்தேன். ஒயிட்ஃபீல்டில் அவர் பார்த்து வைத்திருந்த அதே அபார்ட்மெண்டில் ஒரு வீடு வாங்கினேன். செத்தவருக்குப் பட்டு வேட்டி. பத்திரம் கையில் வந்த அன்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அபர்தீனில் மிச்சமிருந்த சாமான்களைக் காலி செய்ய ஒருதரம் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "அந்த மலைக்குப் போயி அந்தக் கல்லு கிடைக்குதா பாரு பாப்பா. கிடைச்சா வச்சுட்டு வா. அவருக்கு மனசு ஆறும்."

போனேன். இந்த முறை தேடுகிற மாதிரி நிற்கவில்லை, தேடினேன். பூ உதிர்ந்த ஹெதர் ஈர்க்குச்சி மாதிரி குத்தியது. சரிவில் மண்டியிட்டு, ஒரு கையகலம் ஒரு கையகலமாக, மேலிருந்து கீழே போய், கீழிருந்து மேலே வந்தேன். உள்ளங்கை அகலக் கல் நூறு இருந்தது. வெள்ளைக் கோடு ஓடுகிற கல் எட்டோ பத்தோ இருந்தது. ஒவ்வொன்றையும் மேலே எடுத்துப் போய் அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். குழி அப்படியே இருந்தது. சுற்றிலும் பாசி, அதன் நடுவில் மட்டும் வெறும் மண். புல் மூன்றும் எப்போதோ பறந்துபோயிருந்தது. ஒரு கல் ஏறக்குறையப் பொருந்தியது. கையை எடுத்ததும் ஆடியது. அளவு பொருந்தாத ஸ்பேர் பார்ட்டைப் போட்டு ஒப்பேற்றுகிறவனை அப்பா மனுஷனாகவே மதிக்கமாட்டார். அந்தக் கல்லையும் எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். எடுத்த ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். மூன்றாவது குழி காலியாகவே இருக்கிறது. என் கால் செய்த வேலை அது. நான் செத்த பிறகும் அப்படியேதான் இருக்கும்.

புது வீட்டில் பால் காய்ச்சின அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவருடைய பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு எங்கே ஆணி அடிக்கலாம் என்று கேட்டேன். "யாரைக் கேட்கணும்? எங்க வேணா அடி" என்றாள். டி.வி.க்கு எதிர்ச் சுவரில் அடித்தேன். இரண்டு தடவை ஆணி வளைந்தது. மூன்றாவது ஆணி உள்ளே போயிற்று. சுவரில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. உதிரட்டும் என்று விட்டேன்.

படத்தை மாட்டிவிட்டு நான் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அம்மா கேட்டாள். அதுவரை கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"அந்தக் கல்லு கிடைச்சுதா பாப்பா?"

"கிடைச்சுதும்மா."

"எடுத்த எடத்துலயே வச்சியா?"

"வச்சுட்டேன்."

அம்மா எழுந்து, புடவைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம்தான் பேசினாள், நான் அங்கே இல்லாத மாதிரி.

"ஏங்க, கேட்டுச்சா? உங்க காலு பட்டு உருண்ட கல்லை நம்ம பாப்பா தன் கையால எடுத்து வச்சுட்டு வந்துட்டா. இனிமே நிம்மதியா இருங்க. இது நம்ம வீடு."